மூச்சுக்குழாய்க்குள் நடக்கும் செய்திப் பரிமாற்றம்: ஒவ்வாமை ஆஸ்துமா பற்றிய வாசகர் கேள்விகள்

ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்த சிறு பதிலைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நின்றன. ரத்தப் பரிசோதனை அறிக்கையில் 'ஐ.ஜி.இ.' என்றும் 'ஈசினோஃபில்' என்றும் அச்சிட்டிருக்கிறார்களே, அவை என்ன, நெஞ்சில் கேட்கும் விசில் சத்தத்துக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறார்கள். இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

என் மகனுக்கு 9 வயது. பரணைச் சுத்தம் செய்தால் பத்து நிமிடத்தில் அவனுக்கு இளைப்பு வந்துவிடுகிறது. நீல நிற இன்ஹேலரைக் கொடுத்ததும் அடங்கிவிடுகிறது. ஆனால் அன்று இரவே, தூசி இல்லாத அறையில் படுத்திருக்கும்போது, மறுபடியும் வருகிறது. இரண்டாவது முறை இன்ஹேலர் அவ்வளவாகக் கேட்பதில்லை. ஒரே தூசி இரண்டு முறை எப்படித் தாக்கும், டாக்டர்?
– ஒரு தாய், நாகப்பட்டினம்

அம்மா, நீங்கள் கவனித்திருப்பது ஆஸ்துமாவின் மையமான செய்தி. இதை உடனடி விளைவு, பின்விளைவு என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். இரண்டுக்கும் காரணம் ஒரே தூசிதான். ஆனால் அவற்றை நடத்தி வைக்கும் வேதிப்பொருட்கள் வேறு வேறு.

கதை பரணைத் திறந்த அன்று தொடங்கவில்லை. உங்கள் மகனுக்கு முதல் இளைப்பு வருவதற்குப் பல மாதங்களுக்கு, ஒருவேளை வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. வீட்டுத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் வாழ்கின்றன. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அவற்றின் உணவு. கடலோரத்தின் ஈரக்காற்று அவற்றுக்கு மிகவும் ஒத்துக்கொள்ளும். அவற்றின் எச்சத்தில் புரதத்தை வெட்டிச் செரிக்கும் ஒரு நொதி இருக்கிறது. அந்த எச்சம் மூச்சோடு உள்ளே போகும்போது, மூச்சுக்குழாயின் உட்பரப்புச் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் இணைப்புகளை அது வெட்டுகிறது. காயம்பட்ட அந்தச் செல்கள் சும்மா இருப்பதில்லை. டி.எஸ்.எல்.பி., இன்டர்லூகின்-33, இன்டர்லூகின்-25 என்னும் மூன்று புரதங்களை வெளியிடுகின்றன. செல்கள் தமக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளப் பயன்படுத்தும் இத்தகைய சமிக்ஞைப் புரதங்களைத்தான் பொதுவாகச் சைட்டோகைன்கள் என்கிறோம். இந்த மூன்றும் அபாய மணி அடிப்பவை.

மணி கேட்டு வரும் செல்கள் தூசியின் துணுக்கை நிணநீர்க்கணுவுக்கு எடுத்துச் செல்கின்றன. அங்கே எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த ஒரு வகை டி செல்கள் உருவாகி, இன்டர்லூகின்-4 என்னும் சைட்டோகைனைச் சுரக்கின்றன. அது, ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதங்களைச் செய்யும் பி செல்களுக்கு இடும் கட்டளை ஒன்றுதான்: இதுவரை செய்துவந்த ஆன்டிபாடியை விட்டுவிட்டு ஐ.ஜி.இ. என்னும் வகையைத் தயாரியுங்கள் என்பது. அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும், ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிச் ஆகிய இருவரும் 1966-67-இல் தனித்தனியே அடையாளம் கண்ட ஆன்டிபாடி இதுவே. ஐ.ஜி.இ. மூச்சுக்குழாய்ச் சுவரில் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. இந்தக் கட்டம் வரை குழந்தைக்கு ஒரு தொந்தரவும் தெரியாது.

இனி, நீங்கள் பரணைத் திறக்கிறீர்கள். தூசி மாஸ்ட் செல்லின் மேலுள்ள ஐ.ஜி.இ.யைத் தொட்ட சில நிமிடங்களில் அந்தச் செல் தன்னுள் தயாராக வைத்திருக்கும் ஹிஸ்டமினைக் கொட்டுகிறது. கூடவே லியூக்கோட்ரைன், புரோஸ்டாகிளாண்டின் ஆகிய கொழுப்புப் பொருட்களை உடனுக்குடன் உண்டாக்கி வெளியிடுகிறது. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை சுருங்குகிறது. இது உடனடி விளைவு. நீல இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால் அந்தத் தசையைத் தளர்த்துவதால் பிள்ளை மூச்சு விடுகிறான்; நாமும் மூச்சு விடுகிறோம்.

ஆனால் அதே நேரத்தில் உள்ளே இன்னொரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. தூண்டப்பட்ட செல்கள் தங்கள் மரபணுக்களைப் படித்துப் புதிதாகச் சைட்டோகைன்களைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டன. புதிதாகச் செய்ய வேண்டிய பொருள் என்பதால் அதற்குச் சில மணி நேரம் ஆகும். இன்டர்லூகின்-5 எலும்பு மஜ்ஜை வரை செய்தி அனுப்பி ஈசினோஃபில் என்னும் வெள்ளை அணுக்களை வரவழைக்கிறது. வந்தவை சீக்கிரம் இறந்துவிடாமலும் பார்த்துக்கொள்கிறது. இன்டர்லூகின்-13 சளி சுரக்கும் செல்களைப் பெருக்குகிறது, தசையை மேலும் முரட்டுத்தனமாகச் சுருங்கப் பழக்குகிறது. ரத்தக் குழாய்களின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெற்று, கடந்து போகும் ஈசினோஃபில்களைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. தூசி பட்ட நான்கிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் மூச்சுக்குழாயின் சுவர் வீங்கி, சளி அடைத்துக்கொள்கிறது. இரவில் வருவது இதுதான். தசையைத் தளர்த்தும் மருந்து வீக்கத்தையும் சளியையும் என்ன செய்ய முடியும்? அதனால்தான் இரண்டாவது முறை நீல இன்ஹேலர் சரியாகக் கேட்பதில்லை.

இப்படிப்பட்ட ஒரு நோயாளியின் சளியை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, ஈயோசின் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், செங்கல் நிறத்தில் மின்னும் துகள்கள் நிறைந்த அணுக்கள் கூட்டம் கூட்டமாகத் தெரியும். அவற்றுக்கிடையே இரண்டு முனையும் கூராக, நீண்ட வைரம் போன்ற நிறமற்ற படிகங்கள் கிடக்கும். ஈசினோஃபில் உடைந்து வெளிவந்த புரதம் படிகமாக உறைந்தவை அவை. 19-ஆம் நூற்றாண்டில் அவற்றைக் கண்ட சார்கோ, லெய்டன் ஆகிய இரு மருத்துவர்களின் பெயரால் இன்றும் அழைக்கப்படுகின்றன. மாணவனாக முதன்முதலில் அவற்றைப் பார்த்தபோது, இவ்வளவு அழகான ஒன்று ஒரு குழந்தையைத் தூங்கவிடாமல் அடிக்கிறதே என்று மனம் வருந்தியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. பரண் சுத்தம் செய்யும் நாளில் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுங்கள். தூசி அடங்கச் சில மணி நேரமாவது ஆகட்டும். அதைவிட முக்கியமாக, நீல இன்ஹேலர் மட்டும் போதுமா, தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத அளவுக்கு இளைத்தாலோ, விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்கினாலோ, விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எதிர்ப்புச் சக்தி குறைவாக இருப்பதால்தானே ஆஸ்துமா வருகிறது? எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடிகளைச் சாப்பிட்டால் சரியாகுமா?
– ஒரு வாசகர், கரூர்

இல்லை. மேலே சொன்னதைப் படித்தால் புரியும்: ஒவ்வாமை ஆஸ்துமாவில் எதிர்ப்பு மண்டலம் தூங்கிக் கிடக்கவில்லை, தீங்கில்லாத தூசியை எதிரி என்று எண்ணி, தேவைக்கு மேல் வேலை செய்கிறது. கூட்ட வேண்டிய சக்தி எதுவும் அங்கே இல்லை. பொடிக்குச் செலவழிக்கும் பணத்தைத் தடுப்பு இன்ஹேலருக்குச் செலவழியுங்கள்.

தும்மலுக்கும் மூக்கு ஒழுகலுக்கும் செட்டிரிசின் மாத்திரை நன்றாகக் கேட்கிறது. இளைப்புக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை? அதுவும் ஒவ்வாமைதானே?
– ஒரு கல்லூரி மாணவி, மதுரை

செட்டிரிசின் தடுப்பது ஹிஸ்டமின் ஒன்றை மட்டுமே. மூக்கில் நடக்கும் தும்மல், அரிப்பு, ஒழுகல் ஆகியவற்றில் ஹிஸ்டமினின் பங்கு பெரிது. மூச்சுக்குழாயில் அதன் பங்கு சிறிது. அங்கே தசையை நீண்ட நேரம் இறுக்கிப் பிடிப்பவை லியூக்கோட்ரைன்கள். அவை என்னவென்று தெரியாத காலத்தில், 'மெதுவாகச் செயல்படும் பொருள்' என்றே மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் அவற்றை அழைத்துவந்தது. ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி பெங்ட் சாமுவேல்சன் 1979-இல் அவற்றுக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மாண்டிலுகாஸ்ட் மாத்திரை அந்த லியூக்கோட்ரைன் செய்தியைத்தான் மறிக்கிறது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மாத்திரையால் சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவை வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் தன் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. நம் ஊரில் சளிக்கெல்லாம் செட்டிரிசின் வகையோடு சேர்த்து இதைக் கொடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் மருந்துக் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

என் அப்பாவுக்கு இளவயதில் 'ஈஸ்னோபிலியா' என்று சொல்லி மூன்று வாரம் மாத்திரை கொடுத்தார்களாம், அதோடு குணமாகிவிட்டாராம். எனக்கும் ஈசினோஃபில் அதிகம் என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் வருடக்கணக்கில் இன்ஹேலர்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

நல்ல கேள்வி. நம் ஊரில் 'ஈஸ்னோபிலியா' என்பது நோயின் பெயராகவே ஆகிவிட்டது. உண்மையில் அது ரத்தத்தில் ஒரு வகை அணு கூடியிருக்கிறது என்பதற்கு மேல் எதையும் சொல்லாத சொல்.

உங்கள் அப்பாவுக்கு வந்தது பெரும்பாலும் யானைக்கால் புழுவின் நுண்குஞ்சுகள் நுரையீரலில் சிக்கிக்கொள்வதால் வரும் நோயாக இருக்கலாம். இதற்கும் நம் பகுதிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியின் காசநோய் சானட்டோரியத்தில் பணியாற்றிய ஃபிரிமோட்-மோல்லரும் பார்ட்டனும், எக்ஸ்ரேயில் காசநோய் போலத் தெரிந்தும் காசநோய் அல்லாத, ஈசினோஃபில் மிக அதிகமான நோயாளிகளைப் பற்றி 1940-இல் எழுதினார்கள். 1943-இல் வைங்கார்ட்டன் அதற்கு 'வெப்பமண்டல ஈசினோஃபிலியா' என்று பெயரிட்டார். இரவில் விடாத இருமல், இளைப்பு, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 3000-க்கு மேல் ஈசினோஃபில் என்பவை அதன் அடையாளங்கள். யானைக்கால் நோய்க்கு வீடு வீடாகக் கொடுப்பார்களே, அந்த டி.இ.சி. மாத்திரையே இதற்கும் மருந்து. மூன்று வாரம் என்பது சரியான கணக்கு.

ஆஸ்துமாவில் அந்த எண்ணிக்கை பொதுவாக அவ்வளவு ஏறுவதில்லை. 300-ஐத் தாண்டினாலே நாங்கள் கவனிக்கத் தொடங்குகிறோம். இரண்டு நோயிலும் ஈசினோஃபில் கூடுவதற்குக் காரணம் உண்டு. இன்டர்லூகின்-4, 5, 13 ஆகிய செய்திகளும் ஐ.ஜி.இ.யும் நம் உடலில் முதன்மையாகப் புழுக்களை எதிர்ப்பதற்காக அமைந்தவை என்றே கருதப்படுகிறது. சளியைச் சுரந்து, தசையைச் சுருக்கி, எதிரியை வெளியே தள்ளும் ஏற்பாடு அது. உங்கள் அப்பாவின் உடலில் உண்மையிலேயே புழு இருந்தது. அதைக் கொன்றதும் செய்தி நின்றது. உங்கள் உடல் தூசியைப் பார்த்து அதே செய்தியை அனுப்புகிறது. தூசியைக் கொல்லும் மாத்திரை கிடையாது. உங்கள் எண்ணிக்கை 3000-ஐ ஒட்டி இருந்தால் மட்டும் யானைக்கால் புழுவுக்கான பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

தடுப்பு இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கிறதாமே? குழந்தைக்குக் கொடுக்கவே பயமாக இருக்கிறது. இளைப்பு நின்றதும் நாங்களே நிறுத்திவிடுகிறோம்.
– ஒரு தம்பதியர், சேலம்

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் செய்வது தவறு என்று தெளிவாகச் சொல்ல வேண்டியது என் கடமை. ஸ்டீராய்டு செல்லுக்குள் நுழைந்து, அதன் உட்கருவுக்குச் சென்று, நான் மேலே சொன்ன சைட்டோகைன்களின் மரபணுக்கள் படிக்கப்படுவதையே அடக்குகிறது. ஒரு செய்தியை அல்ல, பல செய்திகளை ஒரே நேரத்தில் எழுதவிடாமல் செய்கிறது. அதனால்தான் அதன் பலன் உடனே தெரிவதில்லை. சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை ஆகும். அதே காரணத்தால், நிறுத்தியதும் உடனே கெடுதி தெரிவதில்லை. இளைப்பு இல்லாத நாட்களில் உள்ளே செய்தி மெல்ல மறுபடி எழுதப்படுகிறது. அடுத்த மழைக்காலச் சளியில் அது வெளிப்படுகிறது.

அளவைப் பாருங்கள். இன்ஹேலரில் ஒரு முறை இழுப்பது 100 அல்லது 200 மைக்ரோகிராம். திடீரென்று கடுமையாக இளைத்து மருத்துவமனைக்கு வருபவருக்குக் கொடுக்கும் பிரெட்னிசலோன் மாத்திரை நாளொன்றுக்கு 30, 40 மில்லிகிராம். அதாவது 30,000, 40,000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு மருந்துகள், வீரியமும் வேறு என்பதால் இதை நேர்க் கணக்காகக் கொள்ள முடியாது. இருந்தாலும் எது எங்கே போகிறது என்பது புரியும். தினமும் சிறு அளவை நுரையீரலுக்கு மட்டும் கொடுக்க மறுப்பவர்கள், வருடத்தில் சில முறை பெரிய அளவை உடல் முழுவதற்கும் கொடுக்க நேர்கிறது.

பக்கவிளைவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இன்ஹேலர் ஸ்டீராய்டுகளில் ஒன்றான புடசொனைடை நாளுக்கு 400 மைக்ரோகிராம் வீதம் சில ஆண்டுகள் எடுத்த குழந்தைகளை அமெரிக்காவில் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்து பார்த்ததில், மருந்து எடுக்காதவர்களைவிட உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவாக இருந்தது 2012-இல் வெளியானது. இதை மறைக்க வேண்டியதில்லை. மூச்சு விட முடியாமல் விழித்திருக்கும் இரவுகளோடு அதை ஒப்பிட்டு முடிவெடுங்கள். இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்னும் குழாயை வைத்துக் கொடுங்கள். கொடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். வாயில் வெள்ளைப் படிவும் குரல் கம்மலும் வராது, வந்தாலும் குறையும். நீல இன்ஹேலரை மட்டும் நம்பியிருப்பது பெரியவர்களுக்கும் பதின்பருவத்தினருக்கும் கூடாது என்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டி அமைப்பான ஜீனா 2019-இல் அறிவித்துவிட்டது. அளவைக் குறைக்கும் காலம் வரும். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

என் தங்கைக்கு 34 வயது. இன்ஹேலர், மாத்திரை எல்லாம் எடுத்தும் ஆஸ்துமா அடங்கவில்லை. ஊசி போடலாம் என்கிறார் மருத்துவர். ஒமலிசுமாப், மெபோலிசுமாப், டுபிலுமாப் என்று பல பெயர்கள் சொல்கிறார்கள். எது சிறந்தது?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

எது சிறந்தது என்பதைவிட, உங்கள் தங்கையின் நுரையீரலில் எந்தச் செய்தி ஓங்கி ஒலிக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஒவ்வொரு ஊசியும் குறிப்பிட்ட ஒன்றிரண்டு செய்திகளை மட்டுமே மறிக்கிறது. அமெரிக்காவில் 2003-இல் அனுமதி பெற்ற ஒமலிசுமாப், ஐ.ஜி.இ.யை மாஸ்ட் செல்லில் போய் ஒட்டாமல் பிடித்துக்கொள்கிறது. மெபோலிசுமாப் இன்டர்லூகின்-5-ஐப் பிடிக்கிறது. டுபிலுமாப் இன்டர்லூகின்-4, 13 இரண்டும் சேர்ந்து பயன்படுத்தும் ஒரே கதவை அடைக்கிறது. இன்டர்லூகின்-13-ஐ மட்டும் மறிக்க முயன்ற மருந்துகள் பெரிய ஆய்வுகளில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இரண்டுக்கும் பொதுவான கதவை அடைத்தபோதுதான் பலன் தெரிந்தது.

மெபோலிசுமாபின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்த பாடம். 2000-ஆம் ஆண்டில் அதை லேசான ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஈசினோஃபில் சரசரவென்று குறைந்தது. ஆனால் மூச்சுக்குழாயின் இறுக்கத்தில் மாற்றம் இல்லை. ஈசினோஃபிலுக்கும் ஆஸ்துமாவுக்கும் சம்பந்தமே இல்லையோ என்று பலர் எண்ணத் தொடங்கினர். பிறகு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரக் குழுவும், கனடாவின் ஹாமில்டனில் பரமேஸ்வரன் நாயரின் குழுவும் நோயாளிகளைச் சலித்து எடுத்தன. ஸ்டீராய்டு எடுத்தும் சளியில் ஈசினோஃபில் போகாதவர்கள் யாரோ, அவர்களுக்கு மட்டும் மருந்தைக் கொடுத்தார்கள். 2009-இல் வெளியான அந்த இரண்டு ஆய்வுகளிலும் நோய் திடீரென்று முற்றும் தருணங்கள் தெளிவாகக் குறைந்தன. மருந்து அதேதான், ஆளைத் தேர்ந்தெடுத்த விதம்தான் மாறியது. 2015-இல் அதற்கு அனுமதி கிடைத்தது.

2021-இல் அனுமதி பெற்ற டெசெபெலுமாப், முதல் பதிலில் சொன்ன அபாய மணிகளில் ஒன்றான டி.எஸ்.எல்.பி.யையே மறிக்கிறது. ஒவ்வாமைப் பொருளை வேண்டுமென்றே சுவாசிக்கச் செய்து நடத்திய ஆய்வில், உடனடி விளைவு, பின்விளைவு இரண்டையும் அது குறைத்தது. மணியே அடிக்காவிட்டால் கீழே உள்ள பல செய்திகளும் தணிகின்றன.

ஊசிக்கு முன் உங்கள் தங்கை இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறாரா என்று ஒருமுறை செய்து காட்டச் சொல்லிப் பார்க்கட்டும். அடங்காத ஆஸ்துமா என்று வருபவர்களில் கணிசமானோருக்குக் கோளாறு அங்கேதான் இருக்கிறது. ரத்த ஈசினோஃபில், ஐ.ஜி.இ., மூச்சில் வரும் நைட்ரிக் ஆக்சைடு ஆகியவற்றை அளக்கச் சொல்லுங்கள். குடலில் புழு இருந்தால் முதலில் அதற்கு மருந்து கொடுத்துவிட வேண்டும். புழுவை எதிர்க்கும் செய்தியைத்தானே நாம் ஊசியால் மறிக்கப்போகிறோம்! விலை மிக அதிகம். மாதக்கணக்கில் தொடர வேண்டியது. எனவே நான்கைந்து மாதம் போட்டும் பலன் தெரியாவிட்டால் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

நாங்கள் மாட்டுத் தொழுவத்தில் விளையாடி வளர்ந்தோம். எங்களில் யாருக்கும் இளைப்பு இல்லை. நகரத்தில் வளரும் பேரனுக்கு இருக்கிறது. அவனைக் கிராமத்துக்குக் கூட்டி வந்துவிடலாமா?
– ஒரு பெரியவர், மன்னார்குடி

ஐயா, நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள் உண்டு. பரம்பரையிலும் உணவிலும் நெருங்கியவை. ஆமிஷ் குடும்பங்கள் குதிரையையும் மாட்டையும் வைத்து வீட்டருகிலேயே பழைய முறையில் விவசாயம் செய்பவை. ஹட்டரைட் மக்கள் இயந்திரங்களைக் கொண்டு பெரும் பண்ணைகளில் செய்பவர்கள். 2016-இல் வந்த ஆய்வில், பள்ளிக் குழந்தைகளிடையே ஆஸ்துமா ஆமிஷ் சமூகத்தில் 5.2 சதவீதம், ஹட்டரைட் சமூகத்தில் 21.3 சதவீதம் என்று தெரிந்தது. ஆமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரியாவின் உறையிலிருந்து வரும் எண்டோடாக்சின் கிட்டத்தட்ட ஏழு மடங்கு அதிகமாக இருந்தது. சிறு வயதிலேயே அந்தத் தூசி எதிர்ப்பு மண்டலத்தைப் பழக்கி, ஒவ்வாமைச் செய்திகள் எழாமல் அடக்குகிறது என்பதே முடிவு.

ஆனால் அது நோய் வருமுன் நடக்கும் பழக்கம். உங்கள் பேரனின் மாஸ்ட் செல்களில் ஐ.ஜி.இ. ஏற்கெனவே ஏறி உட்கார்ந்துவிட்டது. இப்போது தொழுவத்துக்கு அழைத்து வந்தால், வைக்கோல் தூசியே அவனுக்கு இளைப்பைக் கிளப்பிவிடக்கூடும். விடுமுறைக்குத் தாராளமாக வரட்டும்; தடுப்பு இன்ஹேலரை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். அவனுக்குத் தருவதற்காகப் பழைய இலவம்பஞ்சுத் தலையணையை மாடியில் போட்டு அடித்துத் தட்டும்போது அவன் பக்கத்தில் நிற்க வேண்டாம். போர்வையையும் தலையணை உறையையும் 60 டிகிரி வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் காயப்போட்டு வையுங்கள்.